பெரியம்மாவை அறையில் பூட்டி வைக்கிறான். ஸ்டேஷனில் குடும்ப விஷயம் என்கிறார்கள்

ஏரிக்கரை:

பெங்களூரில் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

என் பெரியம்மாவுக்கு 74 வயது. பிள்ளைகள் இல்லை. பெரியப்பா காலமான பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் இருக்கிறார். 2021-இல் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான்கு கால் ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். பேச்சு குழறும், புத்தியில் ஒரு குறையும் இல்லை. பெரியப்பாவுடைய தம்பி மகன், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மனைவியோடு வந்து சேர்ந்தான். மறு வருடமே வீட்டைத் தானப் பத்திரமாக எழுதி வாங்கிவிட்டான். சொத்து வரிப் பதிவான காத்தாவும் அவன் பெயருக்கு மாறியாயிற்று.

இப்போது இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது பெரியம்மாவை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். அவன் திரும்பி வரும் நேரம் பார்த்துப் போனேன். என் கண்முன்தான் தாழ்ப்பாளைத் திறந்தான். கதவின் வெளிப்பக்கம் புதிதாக அடித்தது. திருகாணிகள் இன்னும் பளபளக்கின்றன. உள்ளே கமோடு நாற்காலி, ஒரு பிளாஸ்க், மூடி போட்ட டப்பாவில் காலையில் வைத்த இட்லி. ஊன்றுகோல் அறையிலேயே இல்லை. ஹாலில் செருப்பு அலமாரிக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. கேட்டால், "கையில் இருந்தால் எழுந்து நடப்பார்கள், விழுந்து வைப்பார்கள்" என்கிறான்.

ஏ.டி.எம். கார்டு அவனிடம். திருப்பிக் கேட்டதற்கு அறைந்திருக்கிறான்; கன்னத்தில் வீக்கம் இருந்தது. பெரியம்மா தினசரிக் காலண்டரின் தாள்களைக் கிழிக்காமல், பூட்டப்பட்ட நாள்களில் எல்லாம் இடது கையால் பென்சில் கோடு இழுத்து வைத்திருக்கிறார்.

ஸ்டேஷனில், "குடும்ப விஷயம், உட்கார்ந்து பேசுங்கள்" என்றார்கள். விடாமல் நின்றதும் என்.சி.ஆர். என்று ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். இவன் மேல் என்னென்ன பிரிவுகள் வரும்? எவ்வளவு தண்டனை?


கோலார் தங்கம்:

இவனையும் ஒரு வாரம் அதே அறையில் பூட்டி, அதே இட்லியைக் கொடுக்க வேண்டும். பிரிவாவது ஒன்றாவது.


காக்ஸ்டவுன்:

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே. 60 வயது ஆனவர்களுக்கு எல்லாம் பொருந்தும். அதன் 24-ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கே போடலாம். போலீஸ் நேரடியாகப் பதிவு செய்யக்கூடிய குற்றம் அது.


எச்.ஏ.எல். பென்ஷனர்:

அந்த 24-இல் தண்டனை எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உடனே கிடைக்கும். இதைக் கூட்டுவதற்கு 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். சிறை 3 முதல் 6 மாதம், அபராதம் 10,000 வரை என்றும், மாதப் பராமரிப்புத் தொகைக்கு இருக்கும் 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்குவது என்றும் இருந்தது. நிலைக்குழு, அறிக்கை என்று சுற்றிவிட்டு, 2024-இல் மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதி ஆயிற்று. எனக்கு வயது 78. எங்களுக்கு வாக்குச்சாவடியில் மட்டும் தனி வரிசை.

என் மகள் சான் ஹோசேயில் இருக்கிறாள். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 368-ஆவது பிரிவு 65 வயதுக்கு மேற்பட்டவர்களைத் துன்புறுத்துவதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. பெருங்காயம் நேரக்கூடிய நிலையில் துன்புறுத்தினால் 4 ஆண்டு வரை சிறை. உண்மையிலேயே பெருங்காயம் ஆகிவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு 70 வயது நிரம்பியிருந்தால் மேலும் 5 ஆண்டு. வயது ஏற ஏறத் தண்டனையும் ஏறுகிறது. நம் புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில் 74 வயதுக் கிழவியை அறைந்தாலும் 24 வயதுப் பயில்வானை அறைந்தாலும் ஒரே பிரிவு, ஒரே தண்டனை.


மேயோ ஹால்:

பென்ஷனர் ஐயா சொல்வது சரி. முதியவர் என்பதற்காக மட்டும் அடிதடிக்குத் தண்டனை கூடுவதில்லை. ஆனால் காக்ஸ்டவுன் சொல்லும் 24 இந்த வழக்குக்குப் பொருந்தவே பொருந்தாது. பராமரிப்பில் இருக்கும் முதியவரை "முழுமையாகக் கைவிடும் நோக்கத்தோடு" ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போவதுதான் அந்தக் குற்றம். பேருந்து நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடுகிறவனுக்கு அது. இந்தப் பையன் கைவிடவில்லை, கையில் பிடித்து வைத்திருக்கிறான். ஓய்வூதியம் வரும் வரை விடவும் மாட்டான். 24-ஐப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே உடைத்துவிடுவார்.

நான் பெங்களூரில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றம் என்பதால் எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவில் வரும். உங்கள் பதிவில் இருப்பதை வைத்து மட்டும் சொல்கிறேன்.

அறைந்தது: 115(2). ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம். இது மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை. உங்கள் கையில் என்.சி.ஆர். சீட்டு வந்ததற்குக் காரணம் இதுதான். நீங்கள் சொன்னதில் "அடித்தான்" என்பது மட்டும் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. பூட்டியதும் பணமும் விழவில்லை. பல் ஆடுகிறதா, எலும்பில் விரிசல் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது கொடுங்காயம் ஆகலாம், 117(2), 7 ஆண்டு வரை. 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும் அதே கணக்கு. அரசு மருத்துவமனையில் காட்டிக் காயக் குறிப்பு வாங்கிவிடுங்கள். வீக்கம் வடிந்த பிறகு போய்ப் பயனில்லை.

பூட்டியது: சட்டவிரோத அடைப்பு, 127(2). ஓராண்டு அல்லது 5,000 அபராதம். இதைப் போலீஸ் நேரடியாகப் பதிவு செய்தாக வேண்டும். 3 நாளோ அதற்கு மேலோ அடைத்து வைத்தால் 127(3), 3 ஆண்டு வரை. 10 நாளோ அதற்கு மேலோ என்றால் 127(4), 5 ஆண்டு வரை, அபராதம் குறைந்தது 10,000. காலையில் பூட்டி மாலையில் திறப்பதை எல்லாம் கூட்டி 10 நாள் ஆக்க முடியுமா என்பதில் வாதத்துக்கு நிறைய இடமிருக்கிறது. ஆனால் வார விடுமுறையில் இவர்கள் ஊருக்குப் போனபோது என்ன நடந்தது என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். அந்தக் காலண்டரைப் பத்திரப்படுத்துங்கள். தாளைக் கிழிக்காதீர்கள், கோடுகளுக்கு மேல் நீங்கள் எதுவும் எழுதாதீர்கள்.

ஓய்வூதியம்: மருந்துக்கும் செலவுக்கும் என்று நம்பிக் கொடுத்த கார்டில் தனக்கென்று எடுத்துக்கொண்டால் நம்பிக்கை மோசடி, 316(2), 5 ஆண்டு வரை. மிரட்டியிருந்தால் 351.


சக்கர நாற்காலி:

எல்லாரும் முதியவர், முதியவர் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெரியம்மா மாற்றுத்திறனாளி. அது யார் கண்ணிலும் படவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பிரிவு 92. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். குறைந்தபட்சம் என்று ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். மேயோ ஹால் மேடம் மேலே சொன்னவற்றில் சிறைக்கு அப்படி ஓர் அடித்தளம் எதிலும் இல்லை. என்னென்ன குற்றங்கள் என்று பாருங்கள். பொது இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவுபடுத்துவது அல்லது மிரட்டுவது. தன் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ நீரோ மறுப்பது. மாற்றுத்திறனாளிப் பெண்ணைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவது. அப்புறம் இது: அவருடைய உறுப்பையோ புலனையோ உதவிக் கருவியையோ வேண்டுமென்றே சேதப்படுத்துவது, அல்லது அதைப் பயன்படுத்த விடாமல் குறுக்கிடுவது.

ஊன்றுகோலைப் பிடுங்கி செருப்பு அலமாரிக்குப் பின்னால் செருகியது வேறு என்ன? பிறந்தது முதல் கால் இருப்பவர்களுக்கு அது ஒரு தடி. எனக்குச் சக்கர நாற்காலியை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தால் என் காலைக் கட்டிப்போட்டதற்குச் சமம். சட்டம் எழுதியவர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் உறுப்பையும் கருவியையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார்கள்.

"சான்றிதழ் இருக்கிறதா, 40 சதவீதம் இருக்கிறதா" என்று ஸ்டேஷனில் கேட்பார்கள். 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கும் சலுகைகளுக்கும். 92-ஆவது பிரிவில் அந்த எல்லை இல்லை. நீண்டகாலக் குறைபாடு இருந்தால் போதும். இருந்தாலும் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வையுங்கள், ஒரு கேள்வி குறையும்.

இன்னொன்று, பிரிவு 7. மாற்றுத்திறனாளி ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் தகவல் கொடுக்கலாம். அவர் உடனே தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். தேவையானால் மீட்கவும் உத்தரவிடலாம். புகார் கொடுக்கப் போனால், இந்த உரிமைகளை எல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை போலீசுக்கு அதே பிரிவில் இருக்கிறது. எங்கே சொல்கிறார்கள்!


மேயோ ஹால்:

சக்கர நாற்காலி சொன்னதுதான் இந்த வழக்கின் முதுகெலும்பு. 92-இல் 5 ஆண்டு வரை தண்டனை இருப்பதால் போலீஸ் நேரடியாகப் பதிவு செய்யும் வகையில் வரும், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. இந்தச் சட்டத்தின் குற்றங்களுக்கு என்று செஷன்ஸ் நீதிமன்றத்தைச் சிறப்பு நீதிமன்றமாக அறிவிக்க வேண்டும் என்று பிரிவு 84 சொல்கிறது. ஒரே செயல் இரண்டு சட்டங்களில் குற்றமானால், எதில் தண்டனை அதிகமோ அது பொருந்தும் என்பது பிரிவு 95.


கோலார் தங்கம்:

இப்போதுதான் மனது ஆறுகிறது. குறைந்தது ஆறு மாதம் உள்ளே இருக்கட்டும்.


சுமைதாங்கி:

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது. திட்டுவதானால் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் அப்பாவுக்கு மறதி நோய். மூன்று முறை வீட்டை விட்டுப் போய்விட்டார். ஒரு முறை கே.ஆர்.புரம் பாலத்துக்குக் கீழே லாரிகளுக்கு நடுவில் நின்றவரை ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் கைப்பிடித்து அழைத்து வந்தார். அதன் பிறகு நானும் வெளியே பூட்டுகிறேன். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் என் சம்பளத்தில் பாதி போய்விடும். வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. நானும் 127-ஆ? நீங்கள் அடுக்கும் பிரிவுகளைப் படிக்கப் படிக்க, அப்பாவைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டவன்தான் புத்திசாலி, அவனுக்கு 3 மாதத்தோடு முடிகிறது என்று தோன்றுகிறது.


சக்கர நாற்காலி:

உங்கள் அப்பா அறையில் இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா? தண்ணீர், கழிப்பறை, ஃபேன் சுவிட்ச் எல்லாம் கைக்கு எட்டுகிறதா? தீப்பிடித்தால் கதவைத் திறக்க யாரிடம் சாவி இருக்கிறது?


சுமைதாங்கி:

வீடு முழுக்க நடமாடுவார். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் போவேன். ஒரு சாவி எதிர்வீட்டு அம்மாவிடம். மதியம் அவர்தான் சோறு போட்டுக் கொடுப்பார். கேமராவும் உண்டு.


மேயோ ஹால்:

அப்படியானால் நீங்கள் பயப்பட வேண்டாம். மனநிலை தெளிவில்லாத ஒருவருடைய நன்மைக்காக, அவரைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவர் நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று சன்ஹிதாவின் 27-ஆவது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. எதிர்வீட்டுச் சாவியும் கேமராவும் மதியச் சோறும் உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி. மருத்துவரிடம் மறதி நோய் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். சங்கிலியில் கட்டுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது; மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அதை வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது.

ஏரிக்கரையின் பெரியம்மாவுக்குப் புத்தி தெளிவு. "என்னைப் பூட்டாதே" என்று அவரால் சொல்ல முடியும். அவனுக்கு 27 உதவாது.


மூன்றாவது மருமகள்:

இந்த இழையில் எல்லாரும் முதியவர் பக்கம். நல்லது. ஆனால் இதே மூத்த குடிமக்கள் சட்டத்தை வைத்து மருமகளை வீட்டை விட்டுத் துரத்துவதும் நடக்கிறது. மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்து வழக்கு நடக்கும்போது, மாமனார் மாமியார் தீர்ப்பாயத்தில் ஒரு மனு போடுவார்கள்: "மூத்த குடிமக்களான எங்களைத் துன்புறுத்துகிறாள், வெளியேற்றுங்கள்." 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த எஸ்.வனிதா வழக்கு நம் பெங்களூரில் இருந்து போனதுதான். வெளியேற்றச் சொன்ன உத்தரவை ரத்து செய்து, குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனைவிக்கு உள்ள குடியிருப்பு உரிமையை மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி அப்படியே அழித்துவிட முடியாது என்றார்கள். ஆகவே ஒரு பக்கக் கதையைக் கேட்டு ஜெயிலில் போடு என்று கத்துகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

அதற்காகப் பெரியம்மாவைச் சந்தேகிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சொல்லப்போனால் அந்த 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமே அவருக்கும் உதவும். அது இளம் மனைவிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் உறவுமுறையில் வாழும் எந்தப் பெண்ணும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் "வயது வந்த ஆண்" என்ற கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு, அந்தப் பையனின் மனைவியையும் எதிர்மனுதாரர் ஆக்கலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம்.


கோலார் தங்கம்:

கத்துகிறவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். பூட்டியவனை விட்டுவிட்டுக் கத்தியவனுக்குப் பிரிவு தேடாதீர்கள், அம்மா.


மட்டுறுத்துநர்:

முகவரி, ஸ்டேஷன் பெயர், அந்தப் பையன் வேலை பார்க்கும் இடம் எதையும் இங்கே போட வேண்டாம். தனிச்செய்தியிலும் கேட்காதீர்கள்.


பழைய குமாஸ்தா:

தம்பி ஏரிக்கரை, நான் 31 வருடம் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். வக்கீலம்மா சட்டம் சொல்லிவிட்டார். நான் காகிதம் சொல்கிறேன். வழக்குகள் சட்டத்தில் தோற்பதைவிடக் காகிதத்தில் தோற்பதுதான் அதிகம்.

புகாரில் "கொடுமைப்படுத்துகிறான்", "சித்திரவதை செய்கிறான்" என்று எழுதாதீர்கள். அந்தச் சொற்களுக்குப் பிரிவு கிடையாது. "இன்ன தேதி காலை எட்டரை மணிக்கு அறைக் கதவை வெளியே தாழிட்டார். மாலை ஆறரைக்குத் திறந்தார். ஊன்றுகோலை எடுத்து ஹாலில் வைத்தார். நான் கேட்டும் தரவில்லை" என்று எழுதுங்கள். எழுத்தர் அதைப் படிக்கும்போதே பிரிவு தானாக வந்து உட்காரும். ஒரு செயலுக்கு ஒரு பத்தி. கடைசியில் பிரிவு எண்களைப் போடுங்கள். 92-ஐ விட்டுவிடாதீர்கள், பெரும்பாலான ஸ்டேஷன்களில் அந்தச் சட்டப் புத்தகமே இருக்காது. ஒரு நகல் எடுத்துப் புகாரோடு இணைத்துவிடுங்கள்.

புகார் பெரியம்மாவின் பெயரில் இருக்கட்டும். இடது கைப் பெருவிரல் ரேகை போதும், நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள். விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வா என்று அவரைக் கூப்பிட முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவுப்படி பெண்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில், அந்தப் பையன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கையில் வாக்குமூலம் வாங்கினால் பெரியம்மா வாயே திறக்க மாட்டார். முதலில் உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம். அவன் தடுத்தால் அதுவும் புகாரில் ஒரு பத்தி.

ஸ்டேஷனில் மறுத்தால் சண்டை போடாதீர்கள். அதே சன்ஹிதாவின் 173(4)-இன்படி போலீஸ் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் அந்த ரசீதோடும் பிரமாணப் பத்திரத்தோடும் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், 175(3). பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். அவசரம் என்றால் 112. மூத்த குடிமக்களுக்கான 14567 நாடு முழுவதற்கும் பொது. பெங்களூரில் 1090 என்று மாநகரப் போலீசோடு சேர்ந்து நடக்கும் உதவி எண் இருக்கிறது. அங்கே ஆலோசகர்கள் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

வீட்டு விஷயம் தனி. அது போலீஸ் வேலை இல்லை, மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் உள்ள தீர்ப்பாயத்தின் வேலை. பெங்களூரில் வருவாய்த் துறை உதவி ஆணையர்தான் தீர்ப்பாயம். மேல்முறையீடு மாவட்ட ஆணையரிடம். மனுவைக் கன்னடத்தில் கொடுங்கள். தமிழில் எழுதி வைத்துக்கொண்டு நன்றாகக் கன்னடம் எழுதத் தெரிந்தவரிடம் கொடுத்து எழுதி வாங்குவது, வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவதைவிட மேல். சொல்வது ஒன்று, அவர் வழக்கமாக எழுதும் வாசகம் ஒன்று.

மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிய சொத்துக்கு அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். சிக்கல் எங்கே என்றால், 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியவர்களுக்கான நலச் சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, தாய் மகனுக்கு எழுதிய தானத்தை ரத்து செய்தது. வீட்டைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அந்த வழக்கில் மகன் தனியாக ஓர் உறுதிமொழிக் கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தான். உங்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். "அன்பின் காரணமாக" என்று மட்டும் இருக்கிறதா, "என்னைக் கடைசி வரை காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையில்" என்று இருக்கிறதா?


ஏரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. குமாஸ்தா ஐயா, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகல் வாங்கிவிட்டேன். "என்னை உடன் வைத்துப் பராமரித்து வருவதாலும் இனியும் பராமரிப்பதாக ஒப்புக்கொண்டதாலும்" என்று இருக்கிறது.

பெரியம்மா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். பல் இரண்டு ஆடுவதாக மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வங்கிக் கணக்கு அறிக்கையும் எடுத்தோம். ஓய்வூதியம் விழும் அன்றே மொத்தமாக எடுக்கப்பட்டிருக்கிறது; அதே வாரத்தில் அவனுடைய இருசக்கர வாகனத் தவணையும் கட்டப்பட்டதாகப் பெரியம்மா சொல்கிறார். கார்டை முடக்கச் சொல்லிவிட்டோம்.

ஒரு சங்கடம். "அவனை ஜெயிலுக்கு அனுப்பாதே, அவன் குழந்தைக்கு இரண்டு வயது. வீடும் கார்டும் திரும்பி வந்தால் போதும்" என்கிறார். புகார் கொடுத்துவிட்டுப் பிறகு வாபஸ் வாங்க முடியுமா?


எச்.ஏ.எல். பென்ஷனர்:

எங்கள் தலைமுறையின் வியாதியே இதுதான். அடித்தவனுடைய குழந்தைக்காக அடிவாங்கியவள் அழுவாள்.


மேயோ ஹால்:

அது வியாதி இல்லை ஐயா. அவர் வழக்கு, அவர் முடிவு செய்யட்டும்.

ஏரிக்கரை, வாபஸ் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. அறைந்ததும் பூட்டியதும், அதாவது 115(2)-உம் 127(2)-உம், பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளக் கூடியவை. பல் உடைந்ததாகவோ இடம்பெயர்ந்ததாகவோ முடிவாகி 117(2) ஆனால் நீதிமன்ற அனுமதி வேண்டும். பணத்துக்கான 316(2)-உம் அப்படியே. ஆனால் 92 சமரசப் பட்டியலிலேயே இல்லை. அதில் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். "நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோம்" என்றால் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்றும் இல்லை. தீர்ப்பாய மனுவில் இந்தச் சிக்கல் இல்லை. அது கிரிமினல் வழக்கே அல்ல, தனியாக நடக்கும். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும்.

அவரிடம் இதை அப்படியே சொல்லிக் கேளுங்கள். நீங்கள் முடிவு செய்யாதீர்கள், நானும் முடிவு செய்ய மாட்டேன்.


காக்ஸ்டவுன்:

நடுவில் ஒரு கேள்வி. என் மாமியாருக்கு ஏஜென்சி மூலம் பராமரிப்புப் பெண் வைத்திருக்கிறோம். பகலில் மாமியாரைத் தனியே விட்டுவிட்டு வெளியே போய்விடுகிறார் என்று தெரிய வந்தது. இதற்கும் ஏதாவது பிரிவு உண்டா?


மேயோ ஹால்:

உண்டு, யாரும் தொடாத ஒன்று. நியாய சன்ஹிதாவின் 357. நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாதவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர், வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தில் 491 என்று இருந்தது. அபராதம் 200 ரூபாய்! ஆனால் ஒப்பந்தம் யார் யாருக்குள் என்று பாருங்கள். உங்களுக்கும் ஏஜென்சிக்குமா, அந்தப் பெண்ணுக்குமா? வேலை நேரம் அதில் எழுதியிருக்கிறதா? பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடக்கூட இடைவேளை இல்லாமல் உட்கார வைத்திருந்தால், முதலில் அதைச் சரி செய்யுங்கள். நகை, பணம் காணாமல் போவது வேறு. வேலைக்கு இருப்பவர் திருடினால் 306, 7 ஆண்டு வரை.


ஏரிக்கரை:

மேடம் எழுதியதைப் பெரியம்மாவிடம் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். நிதானமாகக் கேட்டார். அறைந்ததை விட்டுவிடச் சொன்னார். பணம் திரும்பி வந்தால் அதையும் விடலாம் என்றார். ஊன்றுகோல் விஷயம் வந்ததும், "அதை விடாதே" என்றார். "சிக்கிக்கொண்டால் வெளியே வர முடியாத வழக்கு, பெரியம்மா" என்றேன். "நானும் அப்படித்தான் உள்ளே இருந்தேன்" என்றார்.

திங்கட்கிழமை புகார் கொடுக்கிறோம். தீர்ப்பாய மனுவும் தயார்.


பழைய குமாஸ்தா:

அப்படியானால் ஊன்றுகோல் பத்தியை முதல் பத்தி ஆக்குங்கள் தம்பி. அடித்ததை முதலில் எழுதினால் மறுபடியும் என்.சி.ஆர். சீட்டோடு அனுப்பிவிடுவார்கள். ஊன்றுகோல் வாங்கிய ரசீதும், மருத்துவர் அதைப் பயன்படுத்தச் சொன்ன சீட்டும் இருந்தால் நகல் இணையுங்கள். புகார் இரண்டு பிரதி. உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம்.